கோலாலம்பூர் பாய்ம இயக்கவியல் மாநாடு: 12 நிமிடத்தில் எதைக் காட்டினால் நம்புவார்கள்?

கிரியான்கரை | நிபோங் திபால்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கும் பாய்ம இயக்கவியல் சிமுலேஷன் மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். முதுகலை ஆய்வில் இருக்கிறேன், மாநாடு எனக்கு இதுவே முதல் தடவை. பேச 12 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம்.

என் வேலை அண்டர்ஃபில் பற்றியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்பைக் கவிழ்த்து வைத்து, அடியில் இருக்கும் சால்டர் உருண்டைகள் வழியாகப் பலகையோடு இணைப்பார்கள். சிலிக்கான் சூட்டில் கொஞ்சம்தான் விரியும். பலகை அதைப் போல ஐந்து மடங்கு வரைக்கும் விரியும். சூடு ஏறி இறங்க, உருண்டைகள் விரிசல் விடும். அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு இடுக்கை (சந்து) எபாக்சி என்ற பசையால் நிரப்புகிறார்கள், இதுதான் அண்டர்ஃபில். ஓரமாக ஊசியால் இட்டால் போதும், நுண்புழை விசையிலேயே (ஒடுங்கிய இடுக்கு திரவத்தைத் தானாக இழுக்கும் விசை) உள்ளே ஓடிவிடும். நிரம்ப எவ்வளவு நேரம், காற்று எங்கே சிக்கும் என்பதுதான் என் ஆய்வு.

ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்ட மென்பொருளில், திரவமும் காற்றும் சந்திக்கும் பரப்பைத் தொடரும் வி.ஓ.எஃப். முறையில் ஒரு சிறு துண்டை மட்டும் செய்திருக்கிறேன். சந்து 50 மைக்ரான், நீளம் 2 மி.மீ., எபாக்சியின் பாகுநிலை 0.2 பாஸ்கல் வினாடி, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், தொடுகோணம் (திரவத்தின் முனை சுவரைத் தொடும் கோணம்) 30 பாகை. கையில் இரண்டு மெஷ் (ஓட்டத்தைப் பிரித்துக் கணக்கிடும் சிறு கட்டங்கள்) முடிவுகள் இருக்கின்றன, 10 மைக்ரானும் 5 மைக்ரானும். 2.5 மைக்ரானுக்குப் போனால் பல்கலைக்கழகக் கணினியில் என் முறை வந்து முடிவதற்குள் மாநாடே முடிந்துவிடும்.

வீடியோக்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் முதல் கேள்வியே "இதை எப்படி நம்புவது?" என்று வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பாயான்லெப்பாஸ் | பினாங்கு

வாழ்த்துகள் தங்கச்சி. நான் பேக்கேஜிங் லைனில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இரண்டே விஷயம்தான் வேண்டும்: ஒரு யூனிட்டுக்கு எத்தனை வினாடி, வாய்ட் (சிக்கிய காற்றுக்குமிழி) எந்த மூலையில். ஊசியை ஒரு பக்கமாக ஓட்டுவதா, எல் வடிவத்தில் இரண்டு பக்கம் ஓட்டுவதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். எல் வடிவத்தில் ஓட்டினால் நேரம் மிச்சம், ஆனால் இரண்டு முனையும் வந்து சேரும் இடத்தில் காற்று மாட்டும் பயம் உண்டு.

அப்புறம், உங்கள் அரங்கில் எங்களை மாதிரி தொழிற்சாலை ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். 1972-இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய நாளிலிருந்து பினாங்கில் இந்த வேலை நடக்கிறது. படத்தைக் காட்டும்போது பக்கத்திலேயே வினாடியைப் போடுங்கள். கடிகாரம் இல்லாத வீடியோவால் எங்களுக்குப் பயன் இல்லை.

---

சுழல் | கோலாலம்பூர்

அம்மா கிரியான்கரை, பல வருடம் இந்த மாதிரி அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: வண்ணப் படத்தைப் பார்த்து யாரும் மனம் மாறுவதில்லை. எங்கே தப்பாகலாம், எவ்வளவு தப்பாகலாம் என்பதைப் பேச்சாளரே எண்ணால் சொல்லும்போதுதான் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

முதலில் விடை தெரிந்த கணக்கு ஒன்றைச் செய்யுங்கள். உருண்டைகளை எடுத்துவிடுங்கள். இரண்டு தட்டையான தகடுகள், நடுவில் 50 மைக்ரான். இதற்கு, நுண்புழையில் திரவம் ஓடும் நேரத்தைக் கணக்கிட்ட வாஷ்பர்ன் 1921-லேயே வழி காட்டிவிட்டார். தகடுகளுக்கு அதை இப்படி எழுதலாம்: நேரம் என்பது மூன்று மடங்கு பாகுநிலையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சந்தின் அகலம், பரப்பு இழுவிசை, தொடுகோணத்தின் கொசைன் மூன்றின் பெருக்கலால் வகுத்தது. நீங்கள் கொடுத்த எண்களைப் போட்டால் 2 மி.மீ. போக 1.85 வினாடி வருகிறது. இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம். உங்கள் நிரல் இந்த 1.85-ஐக் கொடுக்கிறதா? பாதித் தூரத்தை கால்வாசி நேரத்தில் கடக்கிறதா? முதல் ஸ்லைடில் இது இருக்கட்டும். ரெய்னால்ட்ஸ் எண்ணும் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் ஓட்டத்தின் உந்தம் எவ்வளவு என்று காட்டும் எண்) உங்கள் ஓட்டத்தில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே, அதனால் கொந்தளிப்பு மாடல் பற்றிய வாதம் எதுவும் வராது. அதுவே பெரிய நிம்மதி.

அடுத்து மெஷ். இரண்டு மெஷ் போதாது. இரண்டு புள்ளிகளை வைத்து "மாறுகிறது" என்று சொல்லலாம், எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று சொல்ல முடியாது. மூன்று வேண்டும். உதாரணத்துக்கு நிரம்பும் நேரம் 2.32, 2.04, 1.92 வினாடி என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வித்தியாசம் 0.28, இரண்டாவது 0.12. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.33. ஒவ்வொரு முறையும் மெஷ்ஷைப் பாதியாக்கினீர்கள், ஆகவே 2.33-இன் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் 1.22. உங்கள் தீர்வு அந்த வரிசையில்தான் திருந்துகிறது, அதாவது மெஷ்ஷைப் பாதியாக்கும்போதெல்லாம் பிழை 2.33-இல் ஒரு பங்காகிறது என்று பொருள். பிறகு 0.12-ஐ 1.33-ஆல் (2.33-இலிருந்து 1-ஐக் கழித்தது) வகுத்து 1.92-இலிருந்து கழித்தால் 1.83. மெஷ் முடிவில்லாமல் நுண்மையானால் கிடைக்கக்கூடிய விடை அது. ரோச் 1994-இல் சொன்ன மெஷ் குவிவுக் குறியீட்டை (மெஷ்ஷால் வரும் பிழைக்குப் பாதுகாப்பான வரம்பு போடும் வழி) போட்டால் நுண்மையான மெஷ்ஷின் பிழை வரம்பு 5.9% என்று வரும். "1.92 வினாடி, 6% கூடக் குறைய" என்று சொல்லிவிட்டு நீங்கள் தைரியமாக நிற்கலாம்.

---

கிரியான்கரை

ஐயா, ரொம்ப நன்றி. வாஷ்பர்ன் கணக்கை இன்றே ஓட்டுகிறேன். ஆனால் மூன்றாவது மெஷ்தான் இடிக்கிறது. பரப்பு இழுவிசையை எக்ஸ்பிளிசிட்டாக (முந்தைய படியின் மதிப்பை வைத்து) கணக்கிடுவதால் நேரப்படிக்கு வரம்பு இருக்கிறது. பிராக்பில், கோத்தே, ஸெமாக் 1992-இல் சொன்ன வரம்புதான். 5 மைக்ரான் கட்டத்துக்கு 0.7 மைக்ரோ வினாடி வருகிறது. 1.85 வினாடி ஓட்டவே 26 லட்சம் படிகள். கட்டத்தைப் பாதியாக்கினால் படி 0.25 மைக்ரோ வினாடிக்கு இறங்கிவிடுகிறது. முப்பரிமாணத்தில் கட்டங்கள் எட்டு மடங்கு, படிகள் 2.8 மடங்கு. மொத்தத்தில் 22 மடங்குக்கு மேல் வேலை.

---

சுழல்

உருண்டைகள் இல்லாத கணக்குக்கு முப்பரிமாணம் எதற்கு? சந்தின் குறுக்குவெட்டு ஒன்று போதும். இரு பரிமாணத்தில் 5 மைக்ரான் மெஷ் என்றால் சந்தின் அகலத்துக்கு 10 கட்டம், நீளத்துக்கு 400 கட்டம். ஆக 4000 கட்டம்தான். ஒரு மேசைக் கணினியே போதும். 2.5 மைக்ரானுக்குப் போனால் 11 மடங்கு வேலை, அதுவும் முடியும். 10, 5, 2.5 மூன்றையும் அங்கே காட்டுங்கள். முப்பரிமாணத்தில் 5 மைக்ரானோடு நிறுத்திக்கொண்டு, "இந்த மெஷ்ஷில் இரு பரிமாணத்தில் பிழை இவ்வளவு, உருண்டைகளைச் சுற்றி இதைவிடக் கூடலாம்" என்று வாயாலேயே சொல்லுங்கள். அதை மறைத்தால்தான் கேள்வி பாயும்.

மெஷ்ஷை வைத்து இப்படி விடையை நீட்டிப் பார்க்கும் வழியைக் கொடுத்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். அதே மனிதர்தான் 1910 மே 20-ஆம் தேதி வானிலையைச் சமன்பாடுகளை வைத்துக் கையால் கணக்கிட்டுப் பார்த்தவர். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்த விடையை அவர் ஒளிக்கவில்லை, 1922-இல் அப்படியே அச்சில் கொண்டுவந்தார். தொடக்கத் தரவுகளில் இருந்த சமநிலைக் குறையே காரணம், முறை சரியானதுதான் என்று பிற்காலத்தில் தெரிந்தது. தோற்ற எண்ணை அவர் அச்சிட்டதால்தானே அதைக் கண்டுபிடிக்க முடிந்தது! எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

---

புதியஅலை | சுபாங் ஜெயா

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த மெஷ் ஆராய்ச்சியெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? 2019-இல் ரைஸ்ஸி, பெர்டிகாரிஸ், கார்னியடாகிஸ் மூவரும் நரம்பு வலையமைப்புக்குள்ளேயே சமன்பாட்டை வைத்துத் தீர்க்கலாம் என்று காட்டினார்கள். மெஷ்ஷே தேவையில்லை. மாநாடுகளில் இப்போது இந்த மாதிரிக் கட்டுரைகள் ஏராளம். கிரியான்கரை அக்கா அந்தப் பக்கம் போனால் கவனம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதனைக் கூடத்துக்குச் செலவழிக்கும் காசில் நல்ல ஜி.பி.யு. வாங்கலாம்.

---

காற்றுவழி | கோலாலம்பூர்

தம்பி புதியஅலை, அந்த முறைகளை நானும் பயன்படுத்துகிறேன், அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அளவீடு கொஞ்சமாக இருக்கும் இடத்தில், அதிலிருந்து அழுத்தத்தையோ பாகுநிலையையோ பின்னோக்கிக் கண்டுபிடிக்க அவை நல்ல கருவி. ஆனால் மெஷ் இல்லை என்றால் பிழையும் இல்லை என்று ஆகாது. இங்கே மெஷ்ஷை நுண்மையாக்கி விடை எந்த வேகத்தில் அடங்குகிறது என்று பார்க்கிறோம். அங்கே அதற்குச் சமமான சோதனை என்ன? அதைச் சொன்னால் அந்தக் கட்டுரையும் அரங்கில் நிற்கும்.

பரிசோதனை வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கே.எல்.சி.சி. பக்கம் போகும்போது இரட்டைக் கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலம் 58 மீட்டர் நீளம், தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரம். அதைக் கீழிருந்து தாங்கும் சாய்வுக் கால்களைக் கவனியுங்கள். காற்று ஓர் உருளையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். அந்தத் தாளம் காலின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் கால் ஆடத் தொடங்கும். தாளத்தைக் கணக்கிடுவது எளிது. சுழல்களின் தாளத்தைக் காற்றின் வேகத்தோடும் விட்டத்தோடும் இணைக்கும் ஸ்ட்ரௌஹால் எண்ணை உருளைக்கு 0.2 என்று எடுத்தால், 1 மீட்டர் விட்டமும் வினாடிக்கு 10 மீட்டர் காற்றும் இருந்தால் வினாடிக்கு 2 முறை. அந்தக் கால்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்பது காற்றுச் சுரங்கச் சோதனையில் தெரிந்தது. அதனால்தான் கால்களுக்குள்ளேயே அதிர்வைத் தணிக்கும் எடைகளை வைத்திருக்கிறார்கள்.

இதையே ஒருவர் ஓட்டத்தின் சராசரியை மட்டும் கணக்கிடும் நிலையான ரான்ஸ் மாடலில் ஓட்டியிருந்தால் என்ன கிடைக்கும்? அழகான படம் கிடைக்கும், சுழல் கழல்வது மட்டும் அதில் இருக்காது. நேரத்தைச் சராசரியாக்கும்போதே அது போய்விடுகிறது. கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலில் இன்னொரு தொல்லை: காற்று சுவரில் நேராக மோதும் இடத்தில் கொந்தளிப்பு ஆற்றலை அளவுக்கு மீறிக் காட்டும். மென்டரின் 1994 எஸ்.எஸ்.டி. மாடல் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் அளவீடு இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

"கணினி வேகம் கூடிவிட்டது, எல்லாவற்றையும் நேரடியாகத் தீர்த்துவிடலாம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கொந்தளிப்பின் கடைசிச் சுழல் வரை பிடிக்கத் தேவையான கட்டங்கள் ரெய்னால்ட்ஸ் எண்ணின் 9/4 அடுக்கில் ஏறும். நேரப்படியையும் சேர்த்தால் வேலை ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் ஏறும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்கு. ஒரு கோபுரத்துக்கு ரெய்னால்ட்ஸ் எண் கோடிக்கணக்கில் இருக்கும்.

---

புதியஅலை

சரி அண்ணே, பரிசோதனை பற்றிச் சொன்னது ஏற்கும்படியாக இருக்கிறது. ஆனால் அக்காவின் கேள்வியில் ரெய்னால்ட்ஸ் எண் ஆயிரத்தில் ஒன்றுதானே? அங்கே கொந்தளிப்பே இல்லை. ஒரு சிப்புக்கு நூறு விதமான உருண்டை அமைப்புகளை ஒப்பிட வேண்டுமென்றால் வேகமான மாடல் ஒன்று தேவைப்படும் இல்லையா?

---

காற்றுவழி

அது நல்ல பயன்பாடு. அந்த வேகமான மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் தரவு அவர் இப்போது செய்யும் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே முதலில் இது சரியாக இருக்கட்டும்.

---

ஸ்ரீமூடா | ஷா ஆலாம்

நான் வடிகால் துறை சார்ந்த பொறியியல் படித்தவள். மாநாடு என்றாலே பெரிய சமன்பாடு, பெரிய கணினி என்று ஒரு மயக்கம் இருக்கிறது. கேள்விக்கு ஏற்ற சமன்பாட்டைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்பது என் எண்ணம்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தாமானில் கீழ்த்தளங்கள் மூழ்கின. கிள்ளான் ஆற்றங்கரையில் தாழ்வான இடம். அந்த நேரத்தில் மக்களுக்கு வேண்டியது ஒரே விடை: தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த உயரத்துக்கு வரும்? அதற்குப் பாய்ம ஓட்டத்தின் முழுச் சமன்பாடுகளான முப்பரிமாண நேவியர்-ஸ்டோக்ஸ் தேவையில்லை. 1871-இல் செயின்ட்-வெனான்ட் எழுதிய ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள் போதும், ஆற்றின் குறுக்குவெட்டுகளை ஒழுங்காக அளந்திருந்தால். 4 மீட்டர் ஆழத்தில் அலை வினாடிக்கு 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். 100 மீட்டர் இடைவெளியில் கணக்கிட்டால் பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒரு படி எடுக்கலாம். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே விடை வந்துவிடும்.

கோலாலம்பூரின் ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 9.7 கிலோமீட்டர், 2007-இல் திறந்தது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் பகுதியில் தண்ணீரைப் பிடித்து, நகர மையத்தைச் சுற்றி, தாமான் தேசா குளத்துக்குக் கொண்டுபோகிறது. நடுவில் ஒரு பகுதியில் இரண்டு அடுக்குச் சாலை. மிதமான மழையில் சாலைக்கு அடியில் உள்ள வழியாகத் தண்ணீர் போகும், மேலே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். பெருமழை என்றால் சாலையை மூடி, வண்டிகளை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து முழுக் குழாயையும் வெள்ளத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எப்போது மூடுவது என்ற முடிவுக்கு ஆற்றில் வரும் நீரின் அளவை முன்கூட்டிச் சொல்லும் எளிய, வேகமான கணக்குதான் வேண்டும். கதவைத் திறந்ததும் சுரங்கத்துக்குள் காற்று எப்படி அடைபடும், எங்கே வெளியேறும் என்று கேட்டால், அங்கே முப்பரிமாண வி.ஓ.எஃப். வரலாம். ஒரே கட்டுமானம்தான், கேள்வி மாறும்போது கணக்கும் மாறுகிறது.

கிரியான்கரை தங்கச்சிக்கு: "ஏன் இந்த முறையை எடுத்தேன்" என்று இரண்டு வரி சொல்லுங்கள். காற்று எங்கே சிக்குகிறது என்பது உங்கள் கேள்வி, அதனால் பரப்பைத் தொடரும் வி.ஓ.எஃப். உங்களுக்குத் தேவை. நேரம் மட்டும் வேண்டுமென்றால் வாஷ்பர்னே போதுமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்.

---

மழைக்காலம் | பட்டர்வர்த்

கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாநாட்டுக்குப் பணம் கட்டிப் போனேன், பெயர் வேண்டாம். ஒரே அறையில் காலையில் பாய்ம இயக்கவியல், மதியம் சுற்றுலா மேலாண்மை. என் பேச்சைக் கேட்ட யாருக்கும் என் துறை தெரியாது, கேள்வியே வரவில்லை. கட்டுரை எங்கே வெளியாகும், எதில் பட்டியலிடுவார்கள், குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே இந்தத் துறையில் எழுதுகிறவர்களா, கட்டுரையை மதிப்பிடும் திருத்துநர்களின் குறிப்பு வந்ததா என்று பாருங்கள். அனுப்பிய மறுநாளே "மிகச் சிறந்த கட்டுரை" என்று பாராட்டி ஏற்றுக்கொண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

---

கிரியான்கரை

பார்த்தேன் அண்ணே. இரண்டு திருத்துநர்களிடமிருந்தும் குறிப்பு வந்தது, ஒருவர் உருண்டைகளின் இடைவெளி பற்றிக் குடைந்து கேட்டிருந்தார். மாணவர் கட்டணத்தைத் துறையே கட்டுகிறது. பட்டர்வர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் எடுத்து கே.எல். சென்ட்ரலில் இறங்கிக்கொள்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது.

வாஷ்பர்ன் கணக்கு முடிந்தது. பாதித் தூரத்துக்குக் கால்வாசி நேரம் என்பது நன்றாகவே ஒத்து வருகிறது, தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பிசகுகிறது. 2.5 மைக்ரான் மெஷ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

---

பாயான்லெப்பாஸ்

தங்கச்சி, ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன், ஆய்வகத்தில் ஒரு மதியத்தில் முடிக்கலாம். எபாக்சியை வைத்துத் தொடங்க வேண்டாம். சூட்டில் பாகுநிலை மாறும், கூடவே கெட்டியாகத் தொடங்கும், இரண்டும் கலந்துவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. 100 சென்டிஸ்டோக் சிலிக்கோன் எண்ணெய் வாங்குங்கள். அது கண்ணாடியை முழுதாக நனைத்துவிடும், தொடுகோணம் ஏறக்குறைய பூஜ்யம். ஒரு சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு மைக்ராஸ்கோப் ஸ்லைடு, ஓரத்தில் 50 மைக்ரான் ஷிம் (இடைவெளி விடும் மெல்லிய தகடு), இரண்டு கிளிப். ஒரு பக்கம் எண்ணெயை இட்டு, அடியில் அளவுகோலை வைத்து, மேலிருந்து கைப்பேசியால் படம் எடுங்கள்.

சுழல் சார் கொடுத்த சூத்திரத்தில் பரப்பு இழுவிசை 0.021 என்று போட்டுப் பார்த்தேன். 20 மி.மீ. போக 110 வினாடி வர வேண்டும். கிளிப்பை ரொம்ப இறுக்கினால் கண்ணாடி வளைந்து சந்து மாறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடை முன்னால் ஆல்கஹாலில் துடைத்துக் காய வையுங்கள். விரல் பட்ட இடத்தில் எண்ணெய் முனை கோணலாகும்.

---

சுழல்

மிக நல்ல யோசனை. இந்த ஒரு வரைபடம், அதாவது சூத்திரம் ஒரு கோடு, சிமுலேஷன் இன்னொரு கோடு, கண்ணாடியில் அளந்தது புள்ளிகளாக, இருந்தால் உங்கள் பேச்சுக்கு வேறு ஆதாரமே வேண்டாம். புள்ளிகளுக்கு மேலும் கீழும் பிழைக்கோடு போட மறக்காதீர்கள்.

---

கிரியான்கரை | மாநாட்டுக்குப் பிறகு

போய் வந்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாம் நாள் காலை நேரம். முதல் ஸ்லைடில் தகடுக் கணக்கு, அடுத்து மூன்று மெஷ், அடுத்து கண்ணாடிப் புள்ளிகள். வீடியோவை நான்காவதாகத்தான் காட்டினேன், மூலையில் வினாடி ஓடிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்த ஒருவர் கண்ணாடிப் பரிசோதனையின் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்துக்கொண்டார். நேரத்துக்குள் முடித்தேன்.

முதல் கேள்வி, ஸ்ரீமூடா அக்கா சொன்னதேதான்: வாஷ்பர்ன் இருக்கும்போது வி.ஓ.எஃப். எதற்கு? தயாராக இருந்தேன். உருண்டைகளுக்குப் பின்னால் இரண்டு முனைகள் சேரும் இடத்தின் படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன்.

இரண்டாவது கேள்வியை அமர்வின் தலைவர் கேட்டார். "30 பாகை என்று வைத்திருக்கிறாயே, அது நிற்கும் துளியில் அளந்ததா, ஓடும் முனையில் அளந்ததா?" நிற்கும் துளியில் அளந்தது என்றேன். "அப்படியென்றால் உன் சிமுலேஷனில் தொடக்கம் ஏன் பிசகுகிறது என்று அங்கே தேடு" என்றார். மணி அடித்துவிட்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவரே வந்து ஒரு கைக்குட்டைத் தாளில் எழுதிக் காட்டினார். முனை வேகமாக ஓடும்போது கோணம் நின்ற நிலையில் இருப்பதை விடப் பெரிதாகும், கோணத்தின் கனம் (மும்மடி) வேகத்தோடு சேர்ந்து ஏறும், 1976-இல் வொய்னோவும் 1979-இல் டேனரும் 1986-இல் காக்ஸும் செய்தது என்று சொன்னார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மற்ற அமர்வுகளில் கேட்டதில் எனக்குப் பிடித்தது மின்னணுப் பலகைகளின் குளிரூட்டல் பற்றிய ஒன்று. பேசியவர் தன் சிமுலேஷன் ஒத்துவராத ஒரு மூலையைத் தானே சுட்டிக்காட்டி, அங்கே காற்று பின்னோக்கித் திரும்புவதை மாடல் பிடிக்கவில்லை என்றார். அரங்கில் அதிகக் கேள்வி வந்ததும் அவருக்குத்தான், எல்லாம் உதவும் நோக்கத்தில் வந்த கேள்விகள்.

---

காற்றுவழி

சிறப்பு! அந்தத் தலைவர் கேட்டது தங்கமான கேள்வி. என்னால் சும்மா இருக்க முடியவில்லை, உட்கார்ந்து கணக்கிட்டேன். வொய்னோவ் வடிவத்தில், ஓடும் கோணத்தின் கனம் என்பது நிற்கும் கோணத்தின் கனத்தோடு நுண்புழை எண்ணின் (பாகுநிலையை வேகத்தால் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தது) 9 மடங்கை ஒரு மடக்கையால் பெருக்கிக் கூட்டியது, கோணம் ரேடியனில். மடக்கைக்கு 9 என்று வைத்தேன். உங்கள் எண்களுக்கு முனை 0.2 மி.மீ. தாண்டும்போது கோணம் 65 பாகைக்கு மேலே. 2 மி.மீ. சேரும்போது 42. எங்கேயும் 30 இல்லை. நிரம்பும் மொத்த நேரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது.

உங்கள் மெஷ் பிழை எவ்வளவு வந்தது?

---

கிரியான்கரை

இரு பரிமாணத்தில் 2.5 மைக்ரானில் 5%-க்குக் கொஞ்சம் மேலே.

---

காற்றுவழி

அப்படியானால் இனி மெஷ்ஷைப் பாதியாக்கிக் கணினி நேரத்தைச் செலவழிப்பதில் லாபம் குறைவு. கோணத்தின் மாடலில் இருக்கும் சந்தேகம் அதைப் போல நான்கு மடங்கு. ஓப்பன்ஃபோமில் வேகத்தைப் பொறுத்து மாறும் தொடுகோண எல்லை நிபந்தனை ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து இரு பரிமாணக் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

---

சுழல்

ஒரு எச்சரிக்கை மட்டும். சுவரை ஒட்டிய கட்டத்தின் அகலம் மாறினால் அந்தக் கோணத்தின் விளைவும் மாறும், ஏனென்றால் மடக்கைக்குள் இருக்கும் நீளம் மெஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோண மாடலை மாற்றிய பிறகு மூன்று மெஷ்ஷையும் மறுபடி ஓட்ட வேண்டும். பழைய 5%-ஐ அப்படியே எடுத்துவரக் கூடாது.

---

பாயான்லெப்பாஸ்

கண்ணாடிப் பரிசோதனையை எபாக்சியோடு செய்யத் தயாரானால் சொல்லுங்கள். ஹாட் பிளேட்டில் 90 பாகை செல்சியஸுக்கு வைத்து, முதல் ஒரு மி.மீ.-ஐ மட்டும் வேகமான கேமராவில் எடுத்தால் ஓடும் கோணத்தையே பக்கத்திலிருந்து அளந்துவிடலாம். கண்ணாடியின் ஓரம் நன்றாக மெருகேற்றியதாக இருக்க வேண்டும், வெட்டிய ஓரம் ஒளியைச் சிதறடிக்கும். காலாவதியான எபாக்சி சிரிஞ்சைத் தர எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் சப்ளையரிடம் மாணவர்களுக்கென்று சின்ன மாதிரி கேட்கலாம், எப்படி எழுதுவது என்று தனிச் செய்தியில் சொல்கிறேன்.

---

கிரியான்கரை

எழுதுங்கள் அண்ணே. மூன்று மெஷ்ஷையும் புதுக் கோணத்தோடு இன்றிரவு வரிசையில் போட்டுவிட்டேன். கேஸ் ஃபைலை இங்கேயே இணைக்கிறேன். யாராவது எல்லை நிபந்தனையை ஒரு முறை பார்த்துச் சொன்னால் நல்லது, நகரும் கோணத்தின் மேல் எல்லையை 70 பாகை என்று வைத்திருக்கிறேன்.

---

சுழல்

பார்த்தேன். 70-ஐ 85 ஆக்குங்கள். தொடக்கத்தில் முனை அந்த எல்லையைத் தொட்டு நின்றுவிடக் கூடாது.